சந்திரனில் குரைத்த நாய்

(சீனன்குடாவில் நடந்த இலக்கியக் கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

  

இன்றைய பேச்சின் பொருள் நாய். ஆமாம், நாய்தான். சிரியுங்கள், பரவாயில்லை. மேடையில் நின்று நாயைப் பற்றிப் பேச எங்கள் சமூகத்தில் ஒரு கூச்சம் இருக்கிறது. ஒருவரை ஏச வேண்டுமென்றால் முதலில் வாயில் வருவது அந்தச் சொல். வீட்டுக்குக் காவல் நாய். வீட்டுக்குள்ளே வரக்கூடாததும் நாய். மாணிக்கவாசகர் இறைவன் முன்னால் தன்னைத் தாழ்த்திச் சொல்லிக்கொள்ள உலகத்து உயிர்களையெல்லாம் தேடினார். அவர் திரும்பத் திரும்பப் போய் நின்ற இடம் நாய். அது இழிவைச் சொல்வது என்றுதான் உரைகாரர் எழுதுவார்கள். இழிவு மட்டுமா? அடித்தாலும் போகாதது, ஏசினாலும் வாசலை விட்டு நகராதது, கூப்பிட்டால் கோபத்தை மறந்து ஓடிவருவது. இறைவனிடம் தான் இருக்க விரும்பிய நிலைக்கு அந்தப் பெரியவருக்கு வேறு எந்த உயிர் பொருந்தியிருக்கும்?

ஆனால் நான் இன்று பக்தர்களைப் பற்றிப் பேச வரவில்லை. கடவுளை நம்பாத இரண்டு எழுத்தாளர்களைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். இருவரும் ஆங்கிலேயர். இருவரும் எங்கள் இலங்கைக்கு வந்தவர்கள். இருவரும் நாய்ப் பிரியர்கள். கோயிலோ தேவாலயமோ புத்தகமோ அவர்களிடமிருந்து பெற முடியாத ஒன்றை நாய் பெற்றுவிட்டது. என்ன பெற்றது? எப்படிப் பெற்றது? அதுதான் இன்றைய பேச்சு.

முதலாமவரை உங்களுக்குத் தெரியும். ஆதர் சி. கிளார்க். விஞ்ஞானக் கதைகளின் பேரரசர். செய்மதிகள் பூமிக்கு மேலே ஒரே இடத்தில் நிற்பதுபோல் சுற்றிவந்தால் உலகம் முழுவதற்கும் செய்தி அனுப்பலாம் என்று 1945இலேயே கட்டுரை எழுதியவர். இரண்டாம் உலகப் போரில் பிரித்தானிய விமானப்படையில் ராடர் வேலை பார்த்தவர். விமானப்படை என்றதும் சீனன்குடாக்காரர் நிமிர்ந்து உட்காருவீர்கள். நியாயம்தான். இதே ஊரில் அதே விமானப்படையின் தளம் இருந்தது. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் வந்து இந்தத் தளத்தையும் துறைமுகத்தையும் எண்ணெய்க் குதங்களையும் அடித்தன. ஆனால் கிளார்க் அப்போது இங்கே இல்லை. அவர் வேலை பார்த்தது இங்கிலாந்தில். அவர் திருகோணமலைக்கு வந்தது போர் முடிந்து பல வருடங்களுக்குப் பிறகு, வானத்தை விட்டுவிட்டுக் கடலைத் தேடிக்கொண்டு.

1956. கிளார்க்கும் அவருடைய தோழர் மைக் வில்சனும் கோணேசர் மலைக்குக் கீழே கடலில் இறங்குகிறார்கள். 1620களில் போர்த்துக்கேயர் இடித்துத் தள்ளிய கோயில். முந்நூறு வருடங்களுக்கு மேலாக எங்கள் பாட்டன் பூட்டன் எல்லாம் மேலே நின்று கடலைப் பார்த்துப் பூப்போட்டுக் கும்பிட்ட கோயில். அதன் தூண்களும் செதுக்கிய கற்களும் கடலடியில் கிடக்கின்றன. இந்த இரண்டு வெள்ளைக்காரரும் முதுகில் காற்றுக் கலனைக் கட்டிக்கொண்டு போய் அவற்றைக் கண்ணால் கண்டார்கள். அடுத்த வருடமே கிளார்க் அதை “தி ரீஃப்ஸ் ஒஃப் தப்ரொபேன்” என்ற நூலில் எழுதினார். கடலிலிருந்து மேலே கொண்டுவரப்பட்ட லிங்கம் இன்று கோயிலில் இருக்கிறது. 1963இல் புதிய கோயிலுக்குக் குடமுழுக்கும் நடந்தது.

இனிமேல்தான் கதை. கடலுக்குள் போன இரண்டு பேரில் ஒருவர் மாறிப்போனார். மைக் வில்சன் சில வருடங்கள் சினிமா எடுத்தார். முதலாவது சிங்களக் கலர்ப்படமான “ரன்முத்து தூவ” அவர் இயக்கியது, 1962இல் வந்தது, திருகோணமலைக் கடலடியும் அதில் உண்டு. பிறகு சினிமாவை விட்டார், பெயரை விட்டார், காவி கட்டினார். சுவாமி சிவகல்கி என்று பெயர் சூடிக் கதிர்காமக் கந்தனின் அடியாராகவே வாழ்ந்து முடிந்தார். ஒரே கடல். ஒரே கல். ஒருவர் சுவாமியாகி வெளியே வந்தார். மற்றவர்? மற்றவர் உடலைத் துடைத்துக்கொண்டு போய்த் தட்டச்சு இயந்திரத்தின் முன் உட்கார்ந்தார். கிளார்க் அசையவில்லை. கடைசிவரை அசையவில்லை. 2008 மார்ச்சில் கொழும்பில் அவர் காலமானபோது, எந்த மதத்தின் எந்தச் சடங்கும் தன் இறுதி நிகழ்வில் இருக்கக் கூடாது என்று எழுதிவைத்துவிட்டுத்தான் போனார். பொறளை கனத்தை மயானத்தில் சடங்கில்லாமல் அடக்கம் செய்தார்கள்.

அப்படிப்பட்ட மனிதர். கோணேசப் பெருமானின் வாசற்கல்லைக் கையால் தொட்டும் நம்பாத மனிதர். அந்த மனிதர் ஒரு கதை எழுதினார். செத்துப்போன நாய் ஒன்று சந்திரனில் குரைக்கும் கதை.

அந்தக் கதைக்கு வருவதற்கு முன் ஒரு தெருநாயைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் பேச்சில் சொன்னால் கட்டாக்காலி நாய். மொஸ்கோவின் தெருக்களில் அலைந்த ஒரு பெட்டை நாய். சோவியத் விஞ்ஞானிகள் அதைப் பிடித்துப் பழக்கினார்கள், லைக்கா என்று பெயர் வைத்தார்கள், 1957 நவம்பர் 3ஆம் திகதி ஸ்புட்னிக் 2இல் ஏற்றி அனுப்பினார்கள். பூமியைச் சுற்றிய முதலாவது உயிர் அதுதான். திரும்பி வருவதற்கு அந்தக் கலத்தில் வழியே இல்லை. அனுப்பியவர்களுக்கு அது தெரியும். நாய்க்குத் தெரியாது. பல நாள் உயிரோடு இருந்தது, வேதனையில்லாமல் இறந்தது என்று உலகத்துக்குச் சொன்னார்கள். உண்மை 2002இல்தான் வெளியே வந்தது: கலத்தின் வெப்பம் தாங்காமல் சில மணித்தியாலங்களிலேயே இறந்திருக்கிறது. 1960இல் பெல்க்கா, ஸ்ட்ரெல்க்கா என்ற இரண்டு நாய்கள் போய் உயிரோடு திரும்பின. ஸ்ட்ரெல்க்காவின் குட்டியொன்று அமெரிக்க ஜனாதிபதி கென்னடியின் மகளுக்குப் பரிசாகவும் போனது. அது சந்தோஷமான செய்தி. ஆனால் சந்தோஷமான செய்திகளிலிருந்து கதை பிறப்பதில்லையே.

கிளார்க்கின் கதை 1962இல் வெளிவந்தது. பெயர் “டோக் ஸ்டார்”. இரவு வானத்தின் மிகப் பிரகாசமான நட்சத்திரமான சிரியஸை ஐரோப்பியர் நாயின் நட்சத்திரம் என்பார்கள். அந்தப் பெயரைக் கதைக்கு வைத்தார். கதை சொல்பவர் ஒரு வானியல் அறிஞர். கலிஃபோர்னியாவில் வேலை. ஒருநாள் வழியில், யாரோ கைவிட்டுப்போன ஒரு குட்டி கிடைக்கிறது. அல்சேஷன் குட்டி. மனிதர்களோடு அதிகம் ஒட்டாத ஆள் அவர், தனிக்கட்டை. அந்தக் குட்டி அவருடைய வீட்டை நிரப்பிவிடுகிறது. அவர் அதற்கு வைத்த பெயர் லைக்கா. பெயரைக் கேட்டதும் அந்தக் காலத்து வாசகர் எவருக்கும் நெஞ்சு ஒருதரம் நின்றிருக்கும்.

ஓர் இரவு லைக்கா முனகி, சுரண்டி, அவரை எழுப்பிவிடுகிறது. எரிச்சலோடு எழும்புகிறார். கொஞ்ச நேரத்தில் நிலம் நடுங்குகிறது. பூமியதிர்ச்சி. நாய்க்கு முன்கூட்டியே தெரிந்திருக்கிறது. அவருடைய உயிர் தப்புகிறது. இதுவரை இது சாதாரணக் கதை. நன்றியுள்ள நாயின் கதை நாங்கள் மூன்றாம் வகுப்பிலேயே படித்ததுதான்.

பிறகு அழைப்பு வருகிறது. சந்திரனில், பூமியைப் பாராத மறுபக்கத்தில், ஒரு வானாய்வகம் கட்டியிருக்கிறார்கள். ஒரு வானியலாளனுக்கு அதைவிடப் பெரிய கனவு என்ன? பூமியின் வெளிச்சமில்லை, காற்றில்லை, மேகமில்லை. போகத்தான் வேண்டும். ஆனால் நாயைக் கொண்டுபோக முடியாது. என்ன செய்வார்? என்ன செய்வோம் நாங்கள்? வெளிநாட்டு விசா வந்த வீடுகளில் இந்தக் கேள்வி எத்தனை தடவை கேட்கப்பட்டிருக்கிறது! அவரும் நாங்கள் செய்வதைத்தான் செய்கிறார். நல்ல மனிதர்களிடம் ஒப்படைத்துவிட்டுப் போகிறார். நாய்க்கு நோய் ஏதுமில்லை. ஆனாலும் அதிக நாள் இருக்கவில்லை; இறந்துபோகிறது. அவர் அதைப் பற்றி யாரிடமும் பேசுவதில்லை. வேலை செய்கிறார்.

வருடங்கள் போகின்றன. சந்திரனில் ஓர் இரவு. தூக்கத்தில் லைக்கா குரைக்கிறது. அவருக்கு நன்றாகத் தெரிந்த குரைப்பு. திடுக்கிட்டு எழும்புகிறார். எழும்பிய பிறகுதான் எங்கே இருக்கிறோம் என்பது நினைவு வருகிறது. சந்திரனில் நாய் ஏது? லைக்கா இறந்து எவ்வளவு காலம்! அடுத்த கணம் நிலம் அதிர்கிறது. சந்திரனில் ஓர் அதிர்ச்சி. சுவர் பிளந்தால் காற்று போய்விடும். காற்று போனால் உயிர் போய்விடும். முன்னமே எழும்பியதால்தான் அவர் பிழைக்கிறார்.

யார் எழுப்பினார்கள்?

இந்தக் கேள்வியில்தான் கிளார்க் என்ற கலைஞன் நிற்கிறான். அவருடைய கதாநாயகன் விஞ்ஞானி அல்லவா? விளக்கம் சொல்கிறான். தூங்கும்போதும் மனதின் ஒரு மூலை விழித்திருக்கும். அதிர்ச்சிக்கு முன்பு வந்த மெல்லிய நடுக்கத்தை அது உணர்ந்திருக்கும். எச்சரிக்கை என்றால் அந்த மனதுக்குத் தெரிந்த ஒரே குரல் லைக்காவின் குரல். அவ்வளவுதான். குற்றம் சொல்ல முடியாத விளக்கம். கிளார்க் கடைசிவரை கொள்கை தவறவில்லை. ஆவியை உள்ளே விடவில்லை. சொர்க்கத்தைத் திறக்கவில்லை. ஆனால் விளக்கம் முழுதும் சொன்ன பிறகும் அந்த மனிதனின் ஏக்கம் அடங்கவில்லை என்பதையும் எழுதிவிட்டார். அந்தக் கனவு இன்னும் சில நொடி நீண்டிருக்கக் கூடாதா என்ற ஏக்கம். அறிவு ஒரு பதில் சொல்கிறது; மனம் அதை ஏற்றுக்கொள்கிறது; ஏற்றுக்கொண்டும் அழுகிறது. மூன்றையும் ஒளிக்காமல் எழுதுவதற்கு நேர்மை வேண்டும்.

இதை இன்னொரு கதையோடு சேர்த்துப் படிக்கும்படி மாணவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். 1955இல் கிளார்க் “தி ஸ்டார்” என்று ஒரு கதை எழுதினார். அடுத்த வருடம் அதற்கு ஹியூகோ விருது கிடைத்தது. அதிலும் கதை சொல்பவர் வானியலாளர். ஆனால் அவர் ஒரு இயேசு சபைக் குருவானவர். வெடித்துச் சிதறிய ஒரு நட்சத்திரத்தின் சாம்பலை ஆராயப் போகிறார். அங்கே அழிந்துபோன ஓர் அழகிய நாகரிகத்தைக் காண்கிறார். கணக்குப் போட்டுப் பார்த்தால், பெத்லகேமில் பிரகாசித்த நட்சத்திரமே அந்த மக்களை எரித்த தீ. குருவானவரின் விசுவாசம் ஆட்டம் காண்கிறது. அந்தக் கதையில் நட்சத்திரம் விசுவாசியின் விசுவாசத்தை அசைக்கிறது. இந்தக் கதையில் நாய் அவிசுவாசியின் அவிசுவாசத்தை அசைக்கிறது. ஏழு வருட இடைவெளியில் ஒரே ஆள் எழுதியவை இரண்டும். விமர்சகர்கள் முதலாவதைத்தான் தூக்கிப் பிடிக்கிறார்கள். எனக்கு இரண்டாவதுதான் பெரிய கதை. கடவுளோடு வாதாடுவது எழுத்தாளனுக்கு எளிது. செத்துப்போன நாயோடு வாதாடிப் பாருங்கள்.

கிளார்க் நாய்ப் பிரியர் என்பது கதையை வைத்து நான் ஊகித்ததல்ல. கடைசிக் காலத்தில், கால்கள் வழங்காமல் சக்கர நாற்காலியில் இருந்தபோது, பெப்சி என்ற சிவாவா நாய் அவருக்கு உயிர். உள்ளங்கையில் வைத்துத் தூக்கக்கூடிய நாய். உலகப் பெருந்தலைகள் வந்து பார்த்துவிட்டுப் போகிற வீட்டில் அந்தச் சின்னப் பிராணி ராஜா மாதிரி இருந்தது.

உயிர்கள்மேல் அவருக்கிருந்த இந்தக் கரிசனையை அவருடைய நாவலிலும் பார்க்கலாம். கோணேசர் மலைக்கடலில் மூழ்கியெழுந்த அடுத்த வருடம், 1957இல், “தி டீப் ரேஞ்ச்” வந்தது. வருங்காலத்தில் மனிதர்கள் திமிங்கிலங்களை மாடுபோல மேய்த்து இறைச்சிக்கு அறுக்கிறார்கள். அதை நிறுத்தச் சொல்லி ஒரு பௌத்த மகாநாயக்க தேரர் கிளம்புகிறார். பிறப்பால் ஸ்கொட்லாந்துக்காரர், இலங்கையில் துறவியானவர். வாதத்தில் தேரர் வெல்கிறார். கவனியுங்கள்: எந்த மதத்தையும் சேராத எழுத்தாளர், ஒரு மதத் துறவியை வெல்லவிடுகிறார். எதற்காக? பேச முடியாத உயிருக்காக. கிளார்க்கிடம் மதம் நுழையக்கூடிய வாசல் ஒன்றே ஒன்று இருந்தது என்றால், அது நாலு காலில் நடந்து போகிற உயரத்தில் இருந்தது. திமிங்கிலத்துக்குக் கால் இல்லையே என்று முன்வரிசையில் ஒரு தம்பி கேட்கிறார். கேள்வி நியாயம். மன்னித்துவிடுங்கள் தம்பி.

சரி, நாய்க்கு நில அதிர்ச்சி முன்கூட்டியே தெரியுமா? விஞ்ஞானம் இன்னும் தலையாட்டவில்லை. ஆனால் 2004 டிசம்பர் 26 சுனாமியைக் கண்ட இந்தக் கரையோரத்தில் அந்தக் கேள்வியை யாரும் கேலியாகக் கேட்பதில்லை. புதுச்சேரிக்குப் பக்கத்துக் கடலோரக் கிராமமொன்றில், வீட்டுக்குள் ஓடி ஒளிந்த ஏழு வயதுப் பையனை அவர்கள் வீட்டு நாய் சட்டையைக் கவ்வி இழுத்து மேட்டுக்குத் துரத்திக் காப்பாற்றியது. உலகப் பத்திரிகைகள் எல்லாம் எழுதிய செய்தி. அந்தத் தாய் இரண்டு சின்னப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடியிருந்தாள், மூத்தவன் பின்னால் வருவான் என்று நம்பி. அதே அலையில்தான் தெற்கே ஹிக்கடுவையில் கிளார்க்கின் நீர்மூழ்கு நிலையமும் போனது. அவர் 42 வருடங்களுக்கு முன்பு எழுதிய கதையை அந்த நாய் படித்திருக்க நியாயமில்லை.

இப்போது இரண்டாமவர். 1980இல் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் “பெத்தேகம” என்று ஒரு படம் எடுத்தார். அதில் ஒரு வெள்ளைக்கார நீதவான் வருகிறார். நடித்தவர் யார்? எங்கள் கிளார்க். அவர் யாராக நடித்தார்? அந்தக் கதையை எழுதிய லெனாட் வூல்ஃப் ஆக. எங்கள் இரண்டு எழுத்தாளரும் ஒரே முகத்தில் சந்தித்த இடம் அது.

வூல்ஃப் 1904 டிசம்பரில் கொழும்பில் வந்து இறங்கினார். வயது 24. சிவில் சேவை உத்தியோகம். கூடவே கொண்டுவந்த சாமான் என்ன தெரியுமா? வோல்டேரின் நூல்கள் 90 பாகம். ஒரு நாய். நாயின் பெயர் சார்ள்ஸ். அவர் வந்த கப்பல் நாயை ஏற்றாது என்றதால் சார்ள்ஸ் வேறு கப்பலில் வந்தது. வந்திறங்கிய கையோடு, கொழும்புத் தெருவில் வெள்ளைத் துணி உடுத்தியிருந்த ஒரு மனிதர்மேல் காலைத் தூக்கிவிட்டது. அந்த மனிதர் அதைப் பெரிதுபடுத்தவே இல்லையாம். ஐம்பது வருடங்களுக்கு மேலாகியும் அதை மறக்காமல் தன் சுயசரிதையில் எழுதினார் வூல்ஃப். அநுராதபுரம்வரை ரயில், அங்கிருந்து ஆனையிறவுவரை மாட்டு வண்டித் தபால், பிறகு மறுபடியும் ரயில். இப்படி யாழ்ப்பாணக் கச்சேரிக்குப் போய்ச் சேர்ந்தார்கள் வூல்ஃபும் வோல்டேரும் சார்ள்ஸும். மூன்று பேரில் மூன்றாவது ஆளுக்குத்தான் அங்கிருந்த வெள்ளைக்காரர் மத்தியில் மதிப்பு அதிகம் என்று நினைக்கிறேன். வோல்டேரை யார் படித்தார்கள்?

வூல்ஃப் இங்கே ஆறரை வருடம் இருந்தார். யாழ்ப்பாணம், மரிச்சுக்கட்டி முத்துக்குளிப்பு, கண்டி, அம்பாந்தோட்டை. 1911இல் விடுமுறையில் போனவர் திரும்பவில்லை. வேலையை விட்டார், வேர்ஜீனியாவை மணந்தார், 1913இல் “பெத்தேகம” படத்துக்கு மூலமான “தி வில்லேஜ் இன் தி ஜங்கிள்” என்ற நாவலை வெளியிட்டார். ஆளவந்த ஒருவன் ஆளப்பட்டவனின் மண்டைக்குள் புகுந்து எழுதிய நாவல். சிலிந்து என்ற காட்டு வேட்டைக்காரனின் மனதுக்குள் இருந்து எழுதினார். மிருகத்தோடு மிருகமாகப் பேசுகிற மனிதன் அவன். கேம்பிரிட்ஜில் படித்த ஒரு யூத இளைஞனுக்கு இந்த வித்தை எங்கேயிருந்து வந்தது? காட்டில் அலைந்ததால் வந்தது, நீதிமன்றத்தில் சனங்களைக் கேட்டதால் வந்தது என்று சொல்வார்கள். உண்மை. ஆனால் விதை அதற்கும் முன்னால் விழுந்திருக்கிறது.

வூல்ஃப் 1969இல் இறந்தார். அந்த வருடம் வெளிவந்த கடைசிப் பாகச் சுயசரிதையில் ஒரு சம்பவம் எழுதியிருக்கிறார். சின்னப் பையனாக இருந்தபோது வீட்டு நாய் குட்டி போட்டது. பிறந்து ஒருநாளான குட்டிகள். எல்லாவற்றையும் வளர்க்க முடியாது. அந்தக் காலத்து வழக்கம் தெரியுமே, வாளித் தண்ணீரில் அமுக்கிவிடுவது. எங்கள் ஊர்களிலும் நடந்ததுதான், மறைக்க என்ன இருக்கிறது. வேலை பையனிடம் வந்தது. ஒரு குட்டியைத் தண்ணீரில் விட்டான். கண் திறக்காத, உருவம் தெளியாத, ஒரு துண்டு இறைச்சி போன்ற குட்டி. அது உயிருக்குப் போராடத் தொடங்கியது. காலை அடித்தது, தண்ணீரை உதைத்தது. பையனுக்கு அந்தக் கணத்தில் ஒன்று விளங்கியது. உள்ளே யாரோ இருக்கிறார்கள். என்னைப்போலவே ஒருவர். கடலில் நான் மூழ்கினால் நான் எப்படிப் போராடுவேனோ அப்படியே இதுவும் போராடுகிறது.

கடவுளில்லாத வூல்ஃபுக்கு வேதம் அதுதான். ஒவ்வொரு உயிருக்குள்ளும் ஓர் ஆள் இருக்கிறார். அந்த ஆளைப் பொருட்படுத்தாத அரசும் சட்டமும் காட்டுமிராண்டித்தனம். முதலாம் உலகப் போர்க் காலத்திலேயே நாடுகளுக்கு ஒரு சங்கம் வேண்டும் என்று அவர் எழுதியதற்கும், சாம்ராஜ்யத்தில் உத்தியோகம் பார்த்துவிட்டு அதே சாம்ராஜ்யத்தை எதிர்த்ததற்கும், சிலிந்துவின் மனதுக்குள் நுழைய முடிந்ததற்கும் அடியில் அந்த வாளி இருக்கிறது. அவருடைய மனைவி வேர்ஜீனியாவும் பிறகு ஒரு நாயின் வாழ்க்கை வரலாற்றையே எழுதினார், 1933இல், “ஃப்ளஷ்” என்ற பெயரில். வீட்டில் பிங்கா என்ற ஸ்பானியல் காலடியில் படுத்திருக்க.

இரண்டு அவிசுவாசிகளைச் சொல்லிவிட்டு விசுவாசிகளை மறந்துவிட்டால் வீடு போய்ச் சேர விடமாட்டீர்கள். மேடையேறினால் எல்லா மதத்தையும் ஒருதரம் தொட்டுவிட்டு இறங்குவது எங்கள் மாவட்டத்து மரபு. ஆகவே சுருக்கமாக. பாண்டிருப்பில் திரௌபதை அம்மன் திருவிழாவில் பாரதம் படிக்கக் கேட்டிருப்பீர்கள். எல்லாம் முடிந்து, தம்பிமாரும் பாஞ்சாலியும் வழியில் விழுந்து, தருமர் மட்டும் மலையேறுகிறார். பின்னால் ஒரு நாய். இந்திரன் தேரோடு வருகிறான். ஏறு, நாயை விட்டுவிடு என்கிறான். தருமர் ஏற மறுக்கிறார். வெள்ளிக்கிழமைகளில் கிண்ணியாவில் ஓதப்படும் அல்கஹ்ஃபு அத்தியாயத்தில், குகையில் உறங்கிய இளைஞர்களின் நாய் வாசலில் முன்னங்கால்களை நீட்டிப் படுத்திருக்கிறது. இறைவேதம் அந்த நாயைக் கணக்கில் விடாமல் சொல்கிறது. கத்தோலிக்கரின் தோபித்து நூலில் இளைஞன் ஒருவன் தேவதூதரோடு பயணம் போகிறான், நாயும் போகிறது. அந்த நாய் கதையில் எதுவுமே செய்வதில்லை. சும்மா கூடப் போகிறது. எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது.

திருவண்ணாமலையில் ரமண மகரிஷியிடம் கமலா என்று ஒரு நாய் இருந்தது. புதிதாக யாராவது வந்தால், இவருக்கு மலையைச் சுற்றிக் காட்டிவிட்டு வா என்பாராம் மகரிஷி. கமலா முன்னே போகும். குளம், கோயில், லிங்கம் எல்லாவற்றையும் காட்டிக் கூட்டிவரும். ஜாக்கி என்ற இன்னொரு நாய்க்கு ஆசிரமத்தில் சமாதியே கட்டியிருக்கிறார்கள். இன்றும் போய்ப் பார்க்கலாம். அங்கே நாயை இறைவனிடம் யாரும் அழைத்துப் போகவில்லை. நாய்தான் அழைத்துப் போயிருக்கிறது.

அன்பர்களே, இவ்வளவும் சொன்னதற்கு ஒரு காரணம் இருக்கிறது. மொஸ்கோ நாய்க்குக் கதை இருக்கிறது. லண்டன் குட்டிக்குக் கதை இருக்கிறது. தருமரின் நாய்க்குக் காவியமே இருக்கிறது. எங்கள் நாய்களுக்கு என்ன இருக்கிறது?

1990 ஜூனில் இந்த மாவட்டத்திலிருந்து ஓடினோமே, அப்போது வீட்டில் யார் நின்றது? 2006 ஓகஸ்டில் மூதூரிலிருந்தும் அதற்கு முன்னும் பின்னும் சம்பூர்ப் பக்கமிருந்தும் சனம் நடந்ததே, பின்னால் எவ்வளவு தூரம் வந்தது நாய்? வள்ளத்தில் ஏற இடமிருந்ததா அதற்கு? கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்துவிட்டுப் போனவர்கள் உண்டு. அவிழ்க்க நேரமில்லாமல் போனவர்களும் உண்டு. திரும்பி வந்து பார்த்தபோது கூரையில்லாத வீட்டு வாசலில் எலும்பும் தோலுமாகப் படுத்திருந்த நாயைக் கண்டவர்கள் இந்த மண்டபத்திலேயே இருக்கிறீர்கள் என்பது எனக்குத் தெரியும். இடம்பெயர்வைப் பற்றி எங்களிடம் ஏராளமான கவிதையும் கதையும் இருக்கின்றன. கிணறு வருகிறது, பனை வருகிறது, படலை வருகிறது. நாய் வந்தால் ஒரு வரியில் ஊளையிட்டுவிட்டுப் போய்விடுகிறது. ஏன்? மனிதர் செத்துக்கொண்டிருக்கும்போது நாயைப் பற்றி எழுதுவதா என்ற கூச்சம். அந்தக் கூச்சத்தை நான் மதிக்கிறேன். ஆனால் ஏற்றுக்கொள்ளவில்லை. விட்டுவிட்டு வந்த பெரியவர்களைப் பற்றி, பிள்ளைகளைப் பற்றி வாய் திறக்க முடியாத மனிதர், விட்டுவிட்டு வந்த நாயைப் பற்றிச் சிலவேளை பேசுவார். நாயில் தொடங்கினால் மற்றதும் வரும். சந்திரனில் இருந்த அந்த வானியலாளனுக்கு வந்ததுபோல, வருடங்கள் கழித்தாவது வரும்.

ஆகவே ஒரு வேண்டுகோள். வாசலில் ஒரு கொப்பி வைத்திருக்கிறோம், பேனையும் இருக்கிறது. தேநீர் குடித்துவிட்டுப் போகும்போது, விட்டுவிட்டு வந்த உங்கள் நாயின் பெயரையும் ஊரின் பெயரையும் அதில் எழுதுங்கள். நாயின் நிறம் நினைவிருந்தால் அதையும் எழுதுங்கள். எழுத முடியாதவர்கள் பக்கத்தில் நிற்கும் பிள்ளைகளிடம் சொல்லுங்கள், அவர்கள் எழுதுவார்கள். மாணவர்களே, அந்தக் கொப்பி உங்களுக்கு. அடுத்த கூட்டத்துக்கு ஆளுக்கொரு கதையோடு வாருங்கள். “டோக் ஸ்டார்” கதையைத் தமிழில் மொழிபெயர்க்கத் துணியும் பிள்ளை யாராவது இருந்தால் கூட்டம் முடிந்ததும் என்னை வந்து பாருங்கள். என்னிடம் பிரதி இருக்கிறது.